ஹெட்லைட் தேய்ச்சதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு, அவசர உதவி

மாட்டுத்தாவணி_மணி | வெள்ளி இரவு 9.42
ரெண்டு ஹெட்லைட்டும் மஞ்சள் பூத்துக் கிடந்துச்சு. இன்னைக்கு உப்புத்தாள் பேப்பர் போட்டுத் தேய்ச்சேன். மஞ்சள் போயிடுச்சு, ஆனா இப்ப மோர் ஊத்தின மாதிரி வெள்ளையா இருக்கு, கோடு கோடா வேற தெரியுது. பாலிஷும் போட்டாச்சு, பளபளப்பு வரல. செவ்வாய்க்கிழமை ஆர்டிஓ ஆபீஸ் போகணும். யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

கரூர்_கியர் | 9.51
என்ன வண்டி, எந்த வருஷம்? என்ன நம்பர் பேப்பர்? தண்ணி விட்டுத் தேய்ச்சீங்களா, காயவா? பாலிஷ்னா ரப்பிங் காம்பவுண்டா, டேஷ்போர்டு பாலிஷா?

பளிச்_பாண்டி | 9.58
இதுக்கெல்லாம் பேப்பரே வேணாம் ப்ரோ. வெள்ளை டூத்பேஸ்ட்டும் ஆப்பசோடாவும் கலந்து அஞ்சு நிமிஷம் தேச்சுட்டுக் கழுவுங்க. புதுசு மாதிரி ஆயிடும்.

பழைய_பிஸ்டன் | 10.10
இதே கேள்விக்கு இங்கு பலமுறை விளக்கம் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மஞ்சளானது லென்ஸ் அல்ல, அதன் மேல் இருக்கும் பூச்சு. லென்ஸ் பாலிகார்பனேட். கம்பெனியில் அதன் மேல் முடியைவிட மெல்லிய ஒரு கெட்டிப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அதுதான். முதலில் அது நைந்துபோகும், பிறகு அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கும் மஞ்சளாகும். பழைய அம்பாசிடர் விளக்குக்கு இந்த நோய் வராது, அது கண்ணாடி. நீங்கள் தேய்த்து எடுத்தது அந்தப் பாதுகாப்பைத்தான். மேலே ஒன்றும் போடாமல் வெறும் பளபளப்பைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாட்டுத்தாவணி_மணி | 10.31
ஸ்விஃப்ட்ணா. பேப்பர் பெயிண்ட் கடையில கேட்டு வாங்கினது. தண்ணி விட்டுத்தான் தேய்ச்சேன்.

கரூர்_கியர் | 10.33
பேப்பரைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி நம்பர் அச்சடிச்சிருக்கும். அதைச் சொல்லுங்க.

மாட்டுத்தாவணி_மணி | 10.47
ஒண்ணு 320. இன்னொண்ணு 2000.

சிவகாசி_ஷைன் | 10.55
விஷயம் அதுதான். 320 நம்பர் பேப்பர்ல இருக்கற துகள் ஏறத்தாழ 46 மைக்ரான். 2000 நம்பர்ல 10 மைக்ரான். 320 போட்ட பள்ளத்தை 2000 வெச்சு எடுக்கணும்னா நாள் முழுக்கத் தேய்ச்சாலும் நடக்காது. மேட்டை மட்டும் வழவழன்னு ஆக்கிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டுடும். அந்தப் பள்ளம்தான் உங்க கண்ணுக்குக் கோடு. பாலிஷ் மேல பழி போடாதீங்க.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. ரெண்டு லைட் மேலயும் தண்ணி தெளிச்சு, ஈரமா இருக்கும்போதே டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரத்துல தெளிவாத் தெரிஞ்சா கோளாறு மேல்பக்கம்தான், சரியாயிடும். ஈரத்துலயும் கலங்கலாவே இருந்தா உள்பக்கத்துலயோ பிளாஸ்டிக்குக்குள்ளயோ பிரச்சனை. பார்த்துட்டு எழுதுங்க.

பளிச்_பாண்டி | 11.02
டூத்பேஸ்ட்டுக்கு யாரும் பதிலே சொல்லலியே?

சிவகாசி_ஷைன் | 11.09
டூத்பேஸ்ட்டும் தேய்க்கற தூள்தான் பாண்டி, ரொம்ப நைஸ் ரகம். லேசா மங்கின லைட்டுல ரெண்டு வாரம் பளிச்சுனு இருக்கும், 320 கோட்டை அதால தொடக்கூட முடியாது. கொசு விரட்டி ஸ்ப்ரே அடிச்சா பளிச்சுங்குதுனு வீடியோ சுத்துதே, அது இதைவிட மோசம். அதுல இருக்கற டீட்ங்கற கொசு மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கரைஞ்சு வழவழன்னு ஆகறதைப் பார்த்து எல்லாரும் கை தட்டறாங்க.

மாட்டுத்தாவணி_மணி | சனி காலை 6.50
தண்ணி தெளிச்சுப் பார்த்தேன். வலது பக்கம் சூப்பரா தெளிவா இருக்கு. இடது பக்கம் மேல் ஓரத்துல மட்டும் முடி மாதிரி பொடிக் கோடு, ஈரத்துலயும் போகல.

சிவகாசி_ஷைன் | 7.04
அந்தப் பக்கத்துல மட்டும் வேற ஏதாவது ஊத்தினீங்களா? பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர்?

மாட்டுத்தாவணி_மணி | 7.20
டேப் பசை ஒட்டிக்கிச்சு. தின்னர் தொட்டுத் துடைச்சேன். அது ஒரு விஷயமா?

கரூர்_கியர் | 7.22
அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தலைவா!

சிவகாசி_ஷைன் | 7.41
விஷயமே அதுதான். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. வார்க்கும்போது பிளாஸ்டிக்குக்குள்ள தங்கற இறுக்கத்தைக் கரைப்பான் வெடிக்க வெச்சுடும். விரிசல் உள்வரைக்கும் போகும், தேய்ச்சு எடுக்க முடியாது. பசைக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுட்டு, உடனே சோப்புத் தண்ணியில கழுவியிருக்கணும். இல்லேன்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இடது லைட்டுல விரிசல் ஓரத்தோட நின்னுட்டா ஓட்டலாம். பல்புக்கு நேர் எதிரே வந்துட்டா லைட்டை மாத்தறதுதான் வழி.

வலது பக்கத்துக்கு இப்படிப் பண்ணுங்க. பானெட்டைத் திறந்துட்டு, லைட்டைச் சுத்திப் பம்பர், ஃபெண்டர் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டுங்க. ஒரு அடுக்கு ஒட்டினா பேப்பர் அதைக் கிழிச்சுட்டுப் பெயிண்ட்டைத் தின்னுடும். ஒரு வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு. வாட்டர் பேப்பரை ரெண்டு மணி நேரம் அதுல ஊறவிடுங்க, ஓரம் மெத்துன்னு ஆகும். விரலால அழுத்தித் தேய்க்கக் கூடாது, விரல் தடம் பள்ளமா நிக்கும். ஸ்பாஞ்ச் மேல சுத்தித் தேயுங்க.

320 கோடு இருக்கறதால 600ல ஆரம்பிங்க. குறுக்கா மட்டும். அடுத்து 800, நெடுக்கா மட்டும். அடுத்து 1000, மறுபடி குறுக்கா. திசை மாத்தறது எதுக்குன்னா, முந்தின பேப்பர் கோடு ஒண்ணு பாக்கி இருந்தாலும் எதிர்த்திசையில காட்டிக் கொடுத்துடும். அது போகற வரைக்கும் அடுத்த நம்பருக்குப் போகாதீங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு லைட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகும். பேப்பர் மாத்தும்போதெல்லாம் கழுவணும், 600 துகள் ஒண்ணு 1000க்குள்ள மாட்டினா போச்சு.

பழைய பூச்சு முழுசாப் போயிடுச்சான்னு வழியற தண்ணி சொல்லும். மஞ்சக் கலங்கலா வந்தா இன்னும் பூச்சு இருக்கு, சுத்த வெள்ளையா வந்தா பிளாஸ்டிக்கைத் தொட்டாச்சு. காய்ஞ்சதும் பாருங்க, நடுவுல பளபளன்னு தீவு தீவாத் தெரிஞ்சா அங்கெல்லாம் பூச்சு மிச்சம். ஓரம், மூலை எல்லாம் விட்டுப்போற இடம். அந்த ஓரத்துலதான் பிறகு உரிய ஆரம்பிக்கும்.

நாகர்கோவில்_நட்டு | 8.15
அதுக்கப்புறம் 1500, 2000, 3000 வரைக்கும் போய்க் காம்பவுண்டு போட்டுப் பஃப் பண்ணணும். அதை விட்டுட்டீங்களே.

சிவகாசி_ஷைன் | 8.24
வெறும் பாலிஷோட நிறுத்தறவங்களுக்கு அது. கிளியர் கோட், அதாவது வார்னிஷ் மாதிரி நிறமில்லாத பூச்சு அடிக்கறதுனா 1000ல நிறுத்தணும். மேற்பரப்பு சொரசொரன்னு இருந்தாத்தான் கிளியர் பிடிக்கும், அந்தக் கோட்டையெல்லாம் அதுவே நிரப்பிடும். தண்ணி தெளிச்சதும் தெளிவாச்சே, அதே சமாச்சாரம். 3000 போட்டுக் கண்ணாடியாக்கிட்டு மேல கிளியர் அடிச்சா ஆறு மாசத்துல தோல் மாதிரி உரியும்.

நாகர்கோவில்_நட்டு | 8.31
பாலிஷ் பண்ணிட்டு வேக்ஸ் போட்டாப் போதும். இதுக்குப் போய்க் கிளியரா?

பழைய_பிஸ்டன் | 8.50
வேக்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காது. நான்கு மழைக்கு மேல் நிற்காது. கன்னியாகுமரி மாவட்ட வெயிலில் வண்டியை நிறுத்துகிறவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

நாகர்கோவில்_நட்டு | 8.53
எங்க ஊர்ல மழைதான் சார் அதிகம்.

தேனி_டர்போ | 9.30
மரத்துக்கு அடிக்கற பியூ (பாலியூரித்தேன்) கிளியரைத் துணியில தொட்டு ஒரே இழுப்பா தடவினா மலிவா முடியும். வெளிப்புறக் கதவுக்கு அடிக்கற ரகமா பார்த்து வாங்கணும், உள்வீட்டு ரகம் வெயில்ல தானே மஞ்சளாகும். துணி இழுத்த தடம் தெரியும், அதுக்குச் சம்மதம்னா பண்ணலாம். ஆன்லைன்ல கப்புல மருந்து ஊத்திச் சூடாக்கி ஆவி காட்டற கிட் விக்கறாங்களே, அதுவும் நல்லா இருக்காமே?

சிவகாசி_ஷைன் | 9.44
ஆவி கிட்டைத் தொடவே தொடாதீங்க. அதுல பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் இல்லேன்னா குளோரோஃபார்ம். பிளாஸ்டிக்கோட மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குது, அவ்வளவுதான். புற ஊதாப் பாதுகாப்பு சுத்தமாக் கிடையாது. டைகுளோரோமீத்தேன் மூச்சுல போனா உடம்புக்குள்ள கார்பன் மோனாக்சைடா மாறும். மணி அண்ணனோட இடது லைட்டுக்கு ஆவி காட்டினா விரிசல் நடு வரைக்கும் ஓடிடும்.

கிளியர்னா டூ-கே கிளியர், ஹார்டனர் (பூச்சைக் கெட்டியாக்கற மருந்து) கலக்கற ரகம். ஸ்ப்ரே டின்னுலயும் வருது. அடியில இருக்கற பட்டனை அழுத்தினா உள்ள ஹார்டனர் உடைஞ்சு கலக்கும், ரெண்டு நிமிஷம் குலுக்கணும், அன்னைக்கோ மறுநாளோ தீர்த்துடணும். ஹார்டனர் இல்லாத சாதா ஸ்ப்ரே லேக்கர் வேணாம். அதுல இருக்கற தின்னரே லென்ஸை வெடிக்க வைக்கும்.

அடிக்கறதுக்கு முன்னாடி ஐசோப்ரொப்பைல் தொட்டுத் துடைச்சு, பிறகு கை படக் கூடாது. 20 செ.மீ. தள்ளி நின்னு முதல் கோட் தூவின மாதிரி. பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது கோட் ஈரம் தெரியற மாதிரி. ஒரே மூச்சுல கனமா அடிச்சா வழியும், கரைப்பானும் லென்ஸுக்குள்ள இறங்கும். வெயில்ல நிறுத்தி அடிக்காதீங்க, மழை ஈரத்துலயும் வேணாம், வெள்ளை பூக்கும். ஒரு வாரம் ஷாம்பு போட்டுக் கழுவாதீங்க.

கரூர்_கியர் | 10.02
ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. கைக்குட்டை, துணி மாஸ்க், என்95 எதுவும் அந்த ஆவியைத் தடுக்காது. ஒரு தடவை ஒத்துக்காம போச்சுன்னா பிறகு ஆயுசுக்கும் ஆஸ்துமா இழுப்புதான். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல அடிக்கற வேலையே வேணாம். தேய்க்கறது வரைக்கும் வீட்டுல முடிச்சுட்டு, கிளியரை மட்டும் டிங்கரிங் பட்டறைப் பெயிண்டர்கிட்ட அடிச்சுக்கலாம். அவருக்கு அரை மணி வேலை.

பளிச்_பாண்டி | 10.20
இவ்வளவு கஷ்டத்துக்கு எல்இடி பல்பு மாட்டினா லைட் மங்கினாலும் வெளிச்சம் வருமே?

பழைய_பிஸ்டன் | 10.41
வரும். எதிரே வருகிறவன் கண்ணுக்கு. ஸ்விஃப்ட்டில் எச்4 ஹாலஜன், ஹை பீம் 60, லோ பீம் 55 வாட். அந்த ரிஃப்ளெக்டரின் வளைவு, இழை இருக்கும் இடத்துக்கு அளந்து செய்தது. எல்இடி சில்லு அங்கே உட்காராவிட்டால் ஒளி சிதறும். மங்கிய லென்ஸ் அதை இன்னும் சிதறடிக்கும்.

தேனி_டர்போ | 10.48
அப்ப 100/90 ஹாலஜன்?

பழைய_பிஸ்டன் | 10.50
ஒயரும் ஹோல்டரும் உருகும். ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு கருகும். கருகிய ரிஃப்ளெக்டருக்கு வெளியே என்ன தேய்த்தும் பயனில்லை. தலைப்பு எல்இடி அல்ல, போதும்.

பளிச்_பாண்டி | 10.55
நீங்கதான் சார் ரெண்டு பதில் எழுதினீங்க.

கரூர்_கியர் | 11.15
மணி, லைட்டைக் கழட்டினாலோ மாத்தினாலோ அலைன்மெண்ட் பார்த்துட்டுப் போங்க. சமதளத்துல சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, பல்பு மையத்தோட உயரத்தைச் சுவர்ல கோடு போடுங்க. லோ பீமோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே விழணும். ஆர்டிஓல லைட் பார்க்கும்போது இதுவும் பார்ப்பாங்க. அது சரி, ஆர்டிஓ போறது ஆர்.சி. புதுப்பிக்கறதுக்கா, பேர் மாத்தறதுக்கா? வருஷம் இன்னும் சொல்லவே இல்லை.

மாட்டுத்தாவணி_மணி | புதன் மதியம் 1.05
2010 மாடல், 15 வருஷப் புதுப்பித்தல். ஆயிடுச்சு. வலது 600-800-1000, பட்டறையில கிளியர். இடது புதுசு மாத்தியாச்சு. இப்ப புதுசுதான் பளிச்சுனு இருக்கு, பழசு பக்கத்துல கொஞ்சம் டல்லா தெரியுது.

நாகர்கோவில்_நட்டு | 1.12
அதுக்கு வேக்ஸ் போடுங்க.