மறு: ஸ்கார்ன் – தொடுபாறையா, ஊறுபாறையா?

வணக்கம் ஐயா, நண்பர்களுக்கும் வணக்கம்.

சுண்ணாம்புப் பாறை கற்குழம்பின் சூட்டாலும் வெந்நீராலும் மாறி உண்டாகும் ஸ்கார்ன் (skarn) என்ற பாறைக்குத் தமிழ்ப் பெயராக ஐயா நீங்கள் சொன்ன 'தொடுபாறை' காதுக்கு நன்றாகவே இருக்கிறது. கற்குழம்பு மேலேறி வந்து சுண்ணாம்புப் பாறையைத் தொடும் இடத்தில் உண்டாவது என்ற கருத்தில் வைத்திருக்கிறீர்கள். இரும்பு, டங்ஸ்டன் தாது உள்ள ஸ்கார்ன்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். துத்தநாக-ஈய ஸ்கார்னில்தான் இடிக்கிறது. அவை பெரும்பாலும் கற்குழம்பு இறுகிய தீப்பாறையை விட்டுத் தள்ளி, பிளவுகளையும் பாறை அடுக்குகளின் விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு வளர்பவை. சில இடங்களில் சூடு தந்த தீப்பாறை கண்ணிலேயே படாது. தொடாத இடத்தில் கிடப்பதைத் தொடுபாறை என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு: ஊறுபாறை.

கற்குழம்பு ஆறி இறுகும்போது உப்பேறிய கடும் வெந்நீர் அதிலிருந்து பிரிகிறது. சிலிக்கா, இரும்பு, மாங்கனீசு, குளோரைடோடு பிணைந்த துத்தநாகம், ஈயம் எல்லாம் அதில் கரைந்திருக்கும். அந்த நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி ஊறுகிறது. சிலிக்கா உள்ளே போக, கரியமில வாயு வெளியேற, பாறையில் இருந்த கால்சியத்தைக் கொண்டே கார்னெட், பைராக்சீன் என்ற கனிமங்கள் வளர்கின்றன. அப்புறம் சூடு தணியும். நீரின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும். குளோரைடின் பிடி விட்டதும் துத்தநாகமும் ஈயமும் கந்தகத்தோடு சேர்ந்து தாதுவாகப் படிகின்றன.

மாங்காய் ஊறுவதை நினைத்துப் பாருங்கள். உப்பு உள்ளே போகிறது, தண்ணீர் வெளியே வருகிறது, மாங்காய்த் துண்டு மட்டும் உருக்குலையாமல் அப்படியே இருக்கிறது. இங்கேயும் பழைய சுண்ணாம்பு அடுக்கின் வரிகள் பல இடங்களில் அழியாமல் தெரியும். சரக்கு மட்டும் மாறியிருக்கும். 'உருமாறிய பாறை' என்ற பொதுப்பெயரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரிவதில்லை.

ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் வருமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஊறுகாயை யாரும் தீங்குகாய் என்று படிப்பதில்லை. இரண்டும் வினைத்தொகைதான், ஆகவே 'ஊறுப்பாறை' என்று ஒற்று மிகுக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: திருக்குறள் ஐம்புலன்களைச் சொல்லும் இடத்தில் ஊறு என்பது தொடுவுணர்வு. ஐயாவின் 'தொடு'வும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

மூலச்சொல்லையே மொழிபெயர்த்துக் 'கழிபாறை' ஆக்கலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். சுவீடனில் இரும்புத் தாதுவை ஒட்டி வந்த வேண்டாத கல்லுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் ஸ்கார்ன். 1875-இல் பெர்ஸ்பெரி சுரங்கத்தைப் பற்றி எழுதிய நிலவியலாளர் தோர்னபோம் அதை நிலவியலுக்குள் கொண்டுவந்தார். அவர்களுக்கு அது கழிவு. ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்திலோ அதுவே தாதுவைத் தாங்கும் பாறை. கரும்பச்சைப் பைராக்சீனில் துத்தநாகத் தாது கலந்து கிடப்பதை அங்கே 'மொகுஜி' என்பார்கள். மரத்தின் வரிக்கோலம் போன்றது என்று பொருள். வெளிறிய தாதுவுக்கு 'ஷிரோஜி'. 2001-இல் அங்கே தாது வெட்டுவது நின்றுவிட்டது. நியூட்ரினோ என்ற நுண்துகள்களைக் கண்டறியும் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி இருப்பது அதே மலைக்குள், 1,000 மீட்டர் ஆழத்தில்தான். அப்படிப்பட்ட பாறையைக் கழிபாறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மேசையில் ஸ்கார்ன் துண்டு ஒன்று இருக்கிறது. விசிறியாக விரிந்த கரும்பச்சை ஊசிகள். அவற்றின் இடுக்கில் குங்கிலியம் போல மினுங்கும் பழுப்புத் துத்தநாகத் தாது. ஓரத்தில் ஈயத் தாதுவின் சின்னச் சின்னக் கனசதுரங்கள். மூலையில் கொஞ்சம் வெள்ளை. அதில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறது. ஊறாமல் மிஞ்சிய சுண்ணாம்பு அது.

இந்தச் சொல் நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது. சுண்ணாம்புப் பாறையில் உண்டானது புறவூறுபாறை. தீப்பாறையே ஊறி மாறினால் அகவூறுபாறை. இந்த இரண்டாவதைத் 'தொடு'வை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. பொருள் ஏறி இறங்கிப் பாறை மாறும் நிகழ்வு முழுவதற்கும் 'ஊறல்மாற்றம்' வைக்கலாமா? அதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. ஐயாவின் கருத்தைக் கேட்டுவிட்டுக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.