மறு: ப்ரொஜெக்டைல், ஹிட்ஸ்கேன் – என் பரிந்துரை வருகுண்டு, பட்டகுண்டு

எல்லாருக்கும் வணக்கம்,

சுடுற கேம்கள்ல குண்டு வேலை செய்யுற ரெண்டு விதமான ப்ரொஜெக்டைல், ஹிட்ஸ்கேனுக்குத் தமிழ்ச் சொல் தேடுற இந்த இழையை நாலு நாளா படிச்சுட்டே இருக்கேன், பதில் போட நேரமே கிடைக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கறதால உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

> ப்ரொஜெக்டைலுக்கு பதினொன்னாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துலயே எறிபொருள்னு இருக்கு. ஹிட்ஸ்கேனுக்கு உடனடித்தாக்கு போதும். இதுக்கு மேல ஏன் இழுக்கணும்?

அண்ணா, எறிபொருள் நல்ல சொல், பாடத்துக்கு அதுவே இருக்கட்டும். ஆனா அந்தப் பாடத்துல நாம கல்லை எறியிறவன் பக்கம் நின்னு பாக்குறோம், இந்தக் கோணத்துல எறிஞ்சா எவ்ளோ தூரம் போகும், எங்க விழும்னு. டூம் மாதிரி அரக்கர்களைச் சுடுற கேம்ல நாம நிக்கிறது எதிர்ப்பக்கம், எறிஞ்ச பொருள் நம்ம மூஞ்சியைப் பாத்து வருது. இந்த வகை கேமை ஏன் விளையாடணும்னு கேட்டா நான் சொல்ற பதிலே இந்த ஒரு விஷயத்துலதான் இருக்கு, அதனாலதான் சொல்லை விட்டுக்கொடுக்க மனசு வரல.

புதுசா சேந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடுறேன். ஹிட்ஸ்கேன்னா, துப்பாக்கி விசையை அழுத்தின அதே கணத்துல கேம் ஒரு நேர்கோடு போட்டுப் பாக்கும், அந்தக் கோட்டுல யாரு முதல்ல மாட்டுறாங்களோ அவங்களுக்கு அடி, அவ்ளோதான், நடுவுல குண்டுன்னு ஒரு பொருளே கிடையாது. ப்ரொஜெக்டைல் அப்படி இல்ல, அது கேம் உலகத்துக்குள்ள தனியா ஒரு உருப்படி, அதுக்குன்னு இடம் உண்டு வேகம் உண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் (கேம் தன் கணக்கைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும்) கொஞ்சம் கொஞ்சமா நகரும். 1993-ல வந்த டூம்ல நொடிக்கு 35 துடிப்பு. இம்ப்ங்கிற அரக்கன் எறியிற நெருப்பு உருண்டை ஒரு துடிப்புக்கு 10 அலகு நகரும். ஓடுற நம்ம ஆள் எவ்ளோ நகருவான் தெரியுமா? 16-க்கும் மேல! நெருப்பை விட நாம வேகம். இதைக் கணக்குப் போட்டுப் பாத்த அன்னைக்கு எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு, ஏன்னா இத்தனை வருஷமா அந்தக் கேம்ல எனக்கு இருந்த தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. கவசம், உயிர் எண்ணிக்கை எல்லாம் அப்புறம், முதல் கவசம் நம்ம கால். அதே உருண்டையை நைட்மேர் கடினநிலையில 20 ஆக்கிடுறாங்க, அங்க நெருப்பு நம்மள விட வேகம். வேற எதையும் தொடாம இந்த ஒரு எண்ணை மட்டும் மாத்தியிருந்தாக்கூட அது வேற கேம் ஆகியிருக்கும்.

போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான், பிளஸ் ஒன் படிக்கிறான், டூமே பாத்ததில்ல. முதல் மேப்ல, ஹேங்கர்ல, பச்சைக் கழிவுக் குட்டை மேல வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போகுமே, அந்த இடம். எதிர்ல மேடையில இம்ப் நிக்குது. உருண்டை கெளம்பினதும் பையன் "வருது வருது வருது"ன்னு கத்திட்டே நாற்காலியில தோளோட சேத்து இடப்பக்கம் சாயிறான், விரல் அமுக்குறது மட்டும்தான் கேமுக்குத் தெரியும், தோள் சாஞ்சா ஒன்னும் ஆகப்போறதில்ல, ஆனா உடம்பு கேக்குமா. உருண்டை காதோரமா போய் செவுத்துல வெடிச்சுது, அவன் மூஞ்சியில வந்த சிரிப்பை நீங்க பாத்திருக்கணும். அப்புறம் டூம் 2 போட்டுக் கொடுத்தேன், அதுல செயின்கன் வச்சிருக்கிற சிப்பாய் ஒருத்தன் மூலையில நின்னு சுட்டான். பையன் சொன்னது ஒரே வார்த்தை, "பட்டுடுச்சு". சாயக்கூட நேரமில்ல.

வருது, பட்டுடுச்சு. நாம நாலு நாளா தேடிட்டு இருந்த சொல் ரெண்டும் அவன் வாயிலயே இருந்துச்சு.

அதான் வருகுண்டு, பட்டகுண்டு. வருகுண்டு வினைத்தொகை, ஊறுகாய், வளர்பிறை, வருபுனல் மாதிரி. காலம் கரந்த பெயரெச்சம்னு படிச்சோமே, வந்த குண்டு வருகின்ற குண்டு வரும் குண்டு மூணும் உள்ள ஒளிஞ்சிருக்கு. ப்ரொஜெக்டைலும் அதேதான, கையை விட்டுக் கெளம்பிடுச்சு, இப்ப நடுவழியில இருக்கு, இன்னும் வந்து சேரல, அந்த நடுவழிதான் நமக்குக் கிடைக்கிற விளையாட்டு நேரம். எறிபொருளும் வினைத்தொகைதான், ஒத்துக்கறேன், நின்னு பாக்குற பக்கம்தான் தப்பு. பட்டகுண்டுல இறந்தகாலம் மட்டும்தான் இருக்கு, தெரியிறதுக்குள்ள முடிஞ்சு போன காரியம். (ரெண்டுலயும் வல்லினம் மிகாது, வருக்குண்டு பட்டக்குண்டுன்னு யாரும் மொழிபெயர்ப்புக் கோப்புல ஏத்திடாதீங்க.)

> இன்னும் சுடாத துப்பாக்கியை எப்படி பட்டகுண்டுத் துப்பாக்கின்னு சொல்றது? காலம் இடிக்குதே.

நியாயமான கேள்வி. ஆனா அம்மா சாப்பிடக் கூப்பிட்டா "இதோ வந்துட்டேன்"னு சொல்றோம், இன்னும் எழுந்திருக்கவே இல்ல. விரைவைச் சொல்ல இறந்தகாலத்தைப் போடுறது தமிழ்ல வழக்கம், காலவழுவமைதின்னு இலக்கணமே இடம் கொடுக்குது. ஹிட்ஸ்கேனுக்கு விரைவுதான் முழு அடையாளமே. உடனடித்தாக்கு தப்பில்ல, ஆனா அது சுற்றறிக்கை மொழி மாதிரி இருக்கு, விளையாடுற பையன் வாயில வராது.

> எதிரி விடுறது வருகுண்டு, சரி. நாம விடுற ராக்கெட்? அது போகுதே. அதை செல்குண்டுன்னு வைக்கலாமா?

செல்குண்டு வேண்டாம்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். ஈழத்துல செல்னா ஷெல், பீரங்கிக் குண்டு. "செல் விழுந்துது"ன்னு சொல்லி ஊரை விட்டு ஓடினவங்க, அவங்க பிள்ளைங்க இந்தக் குழுவுலயே இருக்காங்க. விளையாட்டு மெனுவுல அந்த ஒலி வரக்கூடாது.

அதோட தனிச்சொல் தேவையும் இல்ல. க்வேக் 3 எடுத்துக்கங்க, ஆளும் ஆளும் மோதுற கேம், 1999. அதுல ராக்கெட் நொடிக்கு 900 அலகு, ஆள் சாதாரணமா ஓடினா 320. எதிராளி இப்ப நிக்கிற இடத்தைப் பாத்து விட்டா பிரயோஜனமில்ல, அவன் எங்க வரப்போறானோ அங்க விடணும். அவன் பாக்குறப்போ நம்ம ராக்கெட் அவனுக்கு வருகுண்டுதான். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிர்காலத்தைக் கணிச்சுட்டு இருக்காங்க, அதே கேம்ல ரெயில்கன்ங்கிற துப்பாக்கி பட்டகுண்டு, அது அந்தப் பேச்சை வெடுக்குனு வெட்டும், ரெண்டும் கலந்து இருக்கிறதாலதான் அந்த ஆட்டம் அலுக்கவே இல்ல.

டூம்ல இன்னும் அழகு. இம்ப் உருண்டைக்கு நாம விலகினா அது நம்மளத் தாண்டிப் போய் பின்னாடி மிதக்கிற காக்கோடீமன்ங்கிற இன்னொரு அரக்கன் மேல படும், அது கோவத்துல இம்ப் மேல பாயும், நாம ஒரு தோட்டா செலவு பண்ணாம ஓரமா நின்னு வேடிக்கை பாக்கலாம். நமக்கு வந்த குண்டு இன்னொருத்தருக்கு வரும் குண்டு ஆச்சு. எந்தக் குண்டும் யாருக்கோ வருகுண்டுதான். 2020-லேருந்து வந்துட்டு இருக்கிற அல்ட்ராகில்ங்கிற கேம்ல வர்றதை கையால குத்தியே திருப்பி அனுப்பலாம், அப்ப அனுப்பினவனுக்கே அது வருகுண்டு. இதுக்கெல்லாம் ஒரே சொல் தாங்குது, அதனால மெனுவுலயும் "எதிரிகளின் வருகுண்டு வேகம்"னு தைரியமா போடலாம்.

இந்த வகை கேமுக்கே என்ன பேருங்கிற பக்கத்து இழைக்கும் ரெண்டு வரி. பழம்பாணிச் சுடாட்டம்ங்கிற பேர் எனக்குப் பிடிக்கல. பெரிய பெரிய பிக்சலும் மங்கின படமும் வெறும் தோல்தான். அப்படி தோலை மட்டும் ஒட்டிட்டு, உள்ள ரெண்டு தூணுக்கு நடுவுல குனிஞ்சு உக்காந்து சுட வைக்கிற கேமும் வாங்கி ஏமாந்திருக்கேன். 2018-ல வந்த டஸ்க் ஏன் நல்லா இருக்குன்னா அதுல வர்றது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிஞ்சு வருது, நாம அதுக்கு நடுவுல பாய்ஞ்சுட்டே இருக்கோம். அதனால பாய்ச்சல் சுடாட்டம்னு நான் ஓட்டுப் போடுறேன். நாலுகால் பாய்ச்சல்னு ஊர்ல சொல்ற அதே பாய்ச்சல். பக்கவாட்டுல நகர்ற ஸ்ட்ரேஃபுக்கு பக்கநடை ஓகே, அதுல எனக்கு சண்டை இல்ல.

ஒன்னு மட்டும் இன்னும் இடிக்குது. டூம் 2-ல ஆர்ச்வைல்னு ஒரு அரக்கன், கையைத் தூக்குனதும் நம்ம மேல நெருப்பு எரியத் தொடங்கும், உடனே அடி விழாது. அது கையை இறக்குறதுக்குள்ள ஒரு செவுத்துக்குப் பின்னாடி போயிட்டா தப்பிச்சோம், அதோட பார்வையிலயே நின்னா தூக்கி வீசிடும். பறந்து வர்ற பொருள் எதுவும் இல்ல, அதனால வருகுண்டு இல்ல. நமக்கு நேரம் கொடுக்குது, அதனால பட்டகுண்டும் இல்ல. பார்வைத்தீன்னு ஒரு சொல் தோணுச்சு, முழு திருப்தி இல்ல. யாருக்காவது வேற ஏதாச்சும் படுதா? மத்த ரெண்டையும் புதன்கிழமை வரைக்கும் மறுப்பு வரலன்னா பட்டியல்ல ஏத்திடுறேன்.