கியோகுசாய்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' (2006) திரையிடுகிறோம். கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த அமெரிக்கப் படம். ஆனால் பேச்சு ஏறத்தாழ முழுக்க ஜப்பானியம், பார்வை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தாக்கிய இவோ ஜிமா தீவைக் காத்த ஜப்பானியச் சிப்பாய்களுடையது. மாணவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன், ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்: கியோகுசாய். 'கியோகு' என்றால் மணி (ரத்தினம்), 'சாய்' நொறுங்குதல். சரணடையாமல் கடைசி ஆள்வரை சாவது என்று பொருள். நாளை இரவு அச்சுக்குப் போகவேண்டும்.
க.

---

தம்பி க.,

புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இரு வேந்தர் நேருக்கு நேர் பொருதும் போரைப் பாடும் தும்பைத் திணையில் தொல்காப்பியரே சொல்கிறார்: 'இருபெரு வேந்தர் தாமும் சுற்றமும் ஒருவரும் ஒழியாத் தொகைநிலை'. இரு பக்கத்திலும் ஒருவர் மிஞ்சாமல் மடிவது அது. தொகைநிலை என்றே போடுங்கள். மணி வேண்டுமென்றால் அதற்கும் நல்ல பழைய ஆட்சி உண்டு. மண்ணுதல் என்றால் கழுவித் துலக்குதல். புறநானூறு 147-இல் பெருங்குன்றூர் கிழார் 'மண்ணுறு மணியின் மாசற மண்ணி' என்கிறார்.
செ.

---

ஐயா, தொகைநிலை என்றால் என் வகுப்பில் வினைத்தொகையும் உம்மைத்தொகையும்தான் நினைவுக்கு வரும். தவிர, அந்தத் துறையில் இரு பக்கமும் மடியவேண்டும். இவோ ஜிமாவில் ஏறத்தாழ 21,000 ஜப்பானியர் இருந்தார்கள், போரின்போது பிடிபட்டவர்கள் 216 பேர். அமெரிக்கரில் 6,800 பேர் அளவில் இறந்தும் தீவு அவர்கள் கைக்குப் போனது. 'கூண்டோடு மடிதல்' போதும், யாருக்கும் புரியும்.
மா.

---

'கூண்டோடு' என்றதும் கைலாசம் வந்து நிற்கிறதே அம்மா. வடக்கிருத்தல்?
வே.

---

வடக்கிருத்தல் ஒருவர் தானே தேர்ந்து உண்ணாமல் உயிர்விடுவது. அது இங்கே ஒட்டாது.

இந்தச் சொல் யாருடையது என்று முதலில் பார்ப்போம். பழைய சீன வரலாற்று நூல் ஒன்றில், உடையாத கூரை ஓடாகக் கிடப்பதைவிட மணியாக நொறுங்குவது மேல் என்று வருகிறது. அதிலிருந்து பிறந்த சொல். 1943 மே மாதம் அலாஸ்காவை ஒட்டிய அட்டு தீவில் ஜப்பானியப் படை அழிந்தபோது டோக்கியோ தலைமையகம் இதை அறிவிப்பில் எடுத்து ஆண்டது. தோல்வி என்று சொல்லக் கூடாது, அதனால் மணி.

இவோ ஜிமாவின் தளபதி குரிபயாஷி, எதிரி மேல் கூட்டமாகப் பாய்ந்து வீணாகச் சாவதைத் தடுத்தவர். சுரங்கம் தோண்டி உள்ளே இருந்து போரிட வைத்தார். படத்தில் அந்தத் தீவின் சுரிபாச்சி மலைக் குகைக் காட்சியைப் பாருங்கள். பின்வாங்கி மற்றவர்களோடு சேரச் சொல்லி அவரிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது. இங்கேயோ ஒவ்வொருவராகக் கையெறி குண்டைத் தலைக்கவசத்தில் தட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். ரொட்டி சுடும் தொழிலில் இருந்து வந்த சைகோ மட்டும், கேட்ட உத்தரவை நினைத்து மறுக்கிறான்.

குரிபயாஷி கடைசியாக அனுப்பிய கவிதையில், அம்பும் குண்டும் தீர்ந்து உதிர்வது 'துயரம்' என்று எழுதியிருந்தார். நாளிதழில் வந்தபோது அந்தச் சொல் போய், மனம் குமுறுகிறது என்ற பொருளில் வேறொன்று இருந்தது. ஒரு சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தச் சாவுக்கு நாம் தும்பை சூட்டினால் அதே வேலையைத்தான் செய்கிறோம். 'மணிநொறுங்கல்' என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பக்கத்திலேயே 'அதாவது ஒருவரும் மிஞ்சாமல் சாதல்' என்று எழுதுங்கள். மணி அவர்கள் பூசியது, சாவு நடந்தது. மாணவர் இரண்டையும் பார்க்கட்டும்.
இரா.

---

சரி, நொறுங்கலைவிட மணிச்சிதைவு வாயில் நன்றாக வருகிறது. விளக்கத்தோடு இருந்தால் எனக்குச் சம்மதம்.
மா.

---

மூன்று பேர் மணிச்சிதைவு பக்கம் வந்துவிட்டதால் மேற்கோள் குறியோடும் விளக்கத்தோடும் அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். செ. ஐயா மன்னிக்க வேண்டும்.
க.

---

மன்னிப்பு எதற்குத் தம்பி? ஆனால் என் வாக்கு தொகைநிலைக்கே. அப்புறம், அரணைக் காத்தவர் சூடுவது நொச்சி, தும்பை எப்படி என்று வே. எனக்குத் தனிமடலில் கேட்டிருக்கிறார். நொச்சியைத் தனித் திணையாகப் பிரிப்பது புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூல். தொல்காப்பியருக்கு அது அரண் முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையிலேயே அடக்கம். இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
செ.