கோத்தகிரி மலைப்பாதை: 11 மாதக் குழந்தைக்கு கார் சீட் மாட்டுவது எப்படி?

மலையேறி:
குழந்தைக்கு 11 மாசம், 9 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கணும். பழைய கார், ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேரடியா மாட்டுற கொக்கி) கிடையாது. கார் பெல்ட்டில் மாட்டும் கன்வெர்ட்டிபிள் சீட் (முன்பக்கமோ பின்பக்கமோ பார்த்து வைக்கக்கூடிய குழந்தை சீட்) வாங்கியாச்சு. வீட்டு வாசல் செங்குத்துச் சரிவு, பெல்ட்டை இழுத்தா பாதியிலேயே பூட்டிக்குது. எப்படியோ மாட்டினாலும் சீட் ஆடுது. "மலையில மெதுவாத்தானே போறோம், மடியில வச்சுக்கலாம்"னு அம்மா சொல்றாங்க. என்ன சொல்றது?

தேயிலைக்காடு:
அம்மாகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லுங்க. 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி 0.1 நொடியில் நின்றால், உங்க 9 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 75 கிலோவைத் தாங்கும் பலம் வேணும். எந்தக் கையும் தாங்காது. பெரியவங்க பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுறது இன்னும் ஆபத்து, அவங்க எடை முழுக்க குழந்தை மேலதான் அழுந்தும். 14 வயசுக்குள்ள பிள்ளைகளைப் சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

நீலமலை:
பெல்ட் பழுதில்லை. வண்டி ரொம்பச் சாய்ந்தாலோ, வெடுக்கென்று இழுத்தாலோ பூட்டிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்காங்க. சமதளத்துக்குக் கொண்டுபோய், மெதுவா இழுங்க. சீட்டின் சாய்வு சரியான்னு காட்டும் கோட்டையும் சமதளத்தில்தான் பார்க்கணும், சரிவில் பார்த்தால் தப்பாகக் காட்டும்.

பின்சீட்டில், முகம் பின்பக்கம் பார்க்க வையுங்க. இந்த வயசில் தலை கனம், கழுத்து பலவீனம். மோதும்போது சீட்டின் முதுகு விசையை உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் அங்கே இப்படி வைக்கவே கூடாது.

பெல்ட்டை நீலக் குறியிட்ட வழியில் கோர்க்கணும் (சிவப்பு, முன்பக்கம் பார்த்து வைக்கும்போது). சீட்டைக் கையால் அழுத்திப் பிடித்து பெல்ட்டை இறுக்குங்க. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. வழுக்கும் ரெக்சின் உறை போட்டிருந்தா கழற்றிடுங்க, ஆட்டத்துக்கு அதுவே காரணமாயிருக்கலாம்.

மலையேறி:
ரொம்ப நன்றிங்க. குளிருக்கு ஸ்வெட்டர், ஜெர்கின் போட்டுத்தான் உட்கார வைக்கணும், பரவாயில்லையா?

குன்னூர்க்காரி:
வேண்டாங்க. மோதும்போது ஜெர்கின் பஞ்சு அமுங்கி, குழந்தையைக் கட்டும் சீட்டின் வார் தளர்ந்துடும், குழந்தை நழுவிடும். மெல்லிய துணியோட வாரை மாட்டிட்டு, மேலே கம்பளி போர்த்துங்க. தோள் வாரை விரலால் கிள்ளிப் பாருங்க. மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்கணும். பின்பக்கம் பார்க்கும்போது வார் தோள் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருந்து வரணும்.

வளைவுகளில் வாந்தி எடுத்தா மடிக்கு எடுத்துடாதீங்க. அகலமான ஓரமாப் பார்த்து நிறுத்துங்க. வாரை ஊறவைக்கவோ ப்ளீச் போடவோ கூடாது, இழை பலமிழந்துடும். ஈரத்துணியில் லேசா சோப்பு தொட்டுத் துடைத்து நிழலில் காயவிடுங்க.