சாந்தா லாரா வெடியுப்பு ஆலைப் படங்களில் மசமசப்பும் கரும்புள்ளிகளும்: லென்ஸ் பழுதா?

கேள்வி

வணக்கம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், இக்கிக்கே நகருக்குக் கிழக்கே 48 கி.மீ. தள்ளி ஹம்பர்ஸ்டன், சாந்தா லாரா என்று இரண்டு வெடியுப்பு (நைட்ரேட் உப்பு) ஆலைகள் 1960-இலிருந்து கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. போன மாதம் இரண்டு நாள் அங்கே படமெடுத்தேன். பல வருட ஆசை. ஊருக்கு வந்து கணினியில் திறந்தால் இரண்டு குறைகள்.

ஒன்று, ஹம்பர்ஸ்டனில் நின்றபடி 400 மி.மீ. டெலி லென்ஸ் வைத்து எடுத்த சாந்தா லாரா புகைபோக்கி. முக்காலி போட்டேன், ஷட்டர் 1/1000. ஆனாலும் விளிம்பெல்லாம் மசமசவென்று இருக்கிறது. இரண்டு, வானத்தில் பதினோரு கரும்புள்ளிகள். சர்வீஸ் கடையில் லென்ஸைப் பிரித்து அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்

கொடுக்காதீர்கள், முதலில் இதைச் சொல்லுங்கள். புகைபோக்கியை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? புள்ளிகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்திலா? எஃப் 4-இல், அதாவது லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தவற்றிலும் தெரிகிறதா?

கேட்டவர்

மதியம் இரண்டு மணி. காலை ஏழரைக்கும் அதே இடத்திலிருந்து ஒன்று எடுத்திருந்தேன். இப்போது திறந்து பார்த்தால் அது கூர்மையாகவே இருக்கிறது! புள்ளிகள் ஒரே இடத்தில்தான். துவாரத்தைச் சுருக்கிய எஃப் 16-இல் பளிச்சென்று தெரிகின்றன, எஃப் 4-இல் காணோம்.

பதில்

அப்படியானால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. புகைபோக்கியைக் கெடுத்தது கானல். இரண்டு ஆலைகளுக்கும் நடுவே சுமார் 2 கி.மீ. வெட்டவெளி. வெயிலில் தரை கொதிக்க, அதன்மேல் காற்று நெளிகிறது. அதன் ஊடாகத்தான் உங்கள் லென்ஸ் பார்த்திருக்கிறது. முக்காலியும் வேகமான ஷட்டரும் இதற்கு உதவாது. சூரியன் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுக்க வேண்டும்.

புள்ளிகள் கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மேல் உட்கார்ந்த தூசி. துவாரம் சிறுத்தால்தான் அதன் நிழல் பளிச்சென்று விழும். அங்கே வெளியில் நின்று லென்ஸ் மாற்றினீர்களா? அந்தத் தூசி சாதாரண மண் இல்லை. காலிச்சே என்ற உப்புப் பாறையின் தூள், அந்தப் பாறையிலிருந்துதான் வெடியுப்பைப் பிரித்தார்கள். சோடியம் நைட்ரேட், சமையல் உப்பு, சல்பேட் எல்லாம் அதில் உண்டு. தண்ணீரில் எளிதாகக் கரைகிற உப்பு இது. மழையே இல்லாத ஊர் என்பதால்தான் பல லட்சம் வருடமாக மண்ணிலேயே தங்கியது. இங்கே நம் கடற்கரைக் காற்றின் ஈரம் பட்டால் கசிய ஆரம்பிக்கும். லென்ஸ் கேமராவில் பொருந்தும் மவுண்ட் வளையத்தில் இருப்பதையும் தள்ளிப்போடாமல் துடைத்துவிடுங்கள்.

சென்சாரைத் துணியால் தேய்க்க மட்டும் வேண்டாம், கீறல் விழும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். அதற்கும் போகாத புள்ளிக்குத்தான் ஈர ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கும் குச்சி. அப்புறம் எஃப் 22-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பார்த்தால் மிச்சம் தெரியும்.

இன்னொருவர்

நானும் அங்கே போயிருக்கிறேன். உப்பைக் கரைத்தெடுத்த கூடத்தின் உள்பக்கம் எடுத்தீர்களா? ஓட்டை விழுந்த தகரச் சுவர் வழியே ஒளி ஈட்டி மாதிரி இறங்கும், மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. ஒரே எக்ஸ்போஷரில் அடங்காது. முக்காலியில் இரண்டிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இடைவெளி விட்டு ஐந்து படம் எடுத்து, பிறகு சேர்ப்பது என் வழக்கம். ஆனால் நிழலை முழுதாகத் தூக்கிவிடாதீர்கள். அந்த இருட்டுதான் கூடத்தின் அழகு.

இன்னொன்று, நம் ஊரில் மார்கழியில் சூரியன் தெற்கே சாயும். அங்கே ஜூனில் வடக்கே சாய்ந்து மதியத்திலும் பக்கவாட்டு வெளிச்சம் தரும். டிசம்பர் மதியத்தில் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். சுவரில் ஒரு நிழலும் விழாது. இது தெரியாமல் முதல் பயணத்தில் டிசம்பரில் போய் ஒரு நாள் முழுக்க இழந்தேன்.

பலகைகளில் ஏறிவிடாதீர்கள், பல இடம் உளுத்துப் போயிருக்கிறது. 2005-இல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதே அபாயப் பட்டியலிலும் சேர்த்தார்கள். பராமரிப்பு வேலைகள் நடந்து 2019-இல்தான் அதிலிருந்து எடுத்தார்கள். துருப்பிடித்த ஓர் ஆணியைக்கூட நினைவுக்கு எடுத்து வராதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஊதியதிலேயே ஒன்பது புள்ளிகள் போய்விட்டன, மீதி இரண்டும் ஸ்வாபில் போயின. லென்ஸைக் கடையில் கொடுக்கவில்லை. மவுண்ட் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது, பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். காலை ஏழரை மணிப் படத்தைத்தான் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.