இங்கிலாந்தில் விலை பேசி முடித்த பிறகும் வீட்டை வேறு ஆளுக்கு விற்கலாமா?

ஹாரோவாசி
வணக்கம். மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன். லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு டெரஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒன்று. 4,65,000 பவுண்டுக்குக் கேட்டோம், 2024 டிசம்பரில் சரி என்றார்கள். சர்வே (கட்டட ஆய்வு), சர்ச் (உள்ளூர் கவுன்சில் பதிவுகளைத் தேடுவது), சொலிசிட்டர் (வழக்கறிஞர்) என்று 2,300 பவுண்ட் வரை செலவாகிவிட்டது. மார்ச் நடுவில் ஏஜென்ட் போன் செய்து, "இன்னொருவர் 15,000 கூடத் தருகிறார், உங்களால் முடியுமா?" என்றார். முடியாது என்றோம். அன்றோடு சரி, வீடு போய்விட்டது.

இன்னொரு அடியும் விழுந்தது. முதல் வீடு வாங்குபவர்களுக்கான ஸ்டாம்ப் டியூட்டி விலக்கு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 4,25,000-இலிருந்து 3,00,000-ஆகக் குறைந்தது. மார்ச் 31-க்குள் முடிந்திருந்தால் 2,000 பவுண்ட் கட்டியிருப்போம். இனி அதே விலையில் வேறு வீடு கிடைத்தாலும் 8,250 கட்ட வேண்டும். என் மனைவி ஜன்னல்களை அளந்து எழுதிய தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது: முன்னறை 182, மாடி 121.

ஊரில் அட்வான்ஸ் வாங்கி அக்ரிமென்ட் போட்டுவிட்டால் விற்பவர் இப்படிக் கைவிரிக்க முடியாது. இங்கே மூன்று மாதம் காத்திருந்தவனுக்கு ஒரு உரிமையும் இல்லையா? விலை ஒத்துக்கொண்ட அன்றே இரண்டு பேரையும் சட்டம் கட்டிப்போட வேண்டும் என்கிறேன்.

வேப்பமரம்
வருத்தமாக இருக்கிறது அண்ணா. நான் வீட்டு விற்பனைப் பத்திர வேலை பார்க்கிறவள். இங்கே 1989-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுதான் அடிப்படை. நிலம், வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பேசிய நிபந்தனை எல்லாம் அதில் வர வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாய்ச்சொல், ஏஜென்டின் மின்னஞ்சல், கைகுலுக்கல் எதற்கும் அங்கே மதிப்பில்லை. கையெழுத்திட்ட பிரதிகளை இரண்டு சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்ளும் நாளைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறோம். வழக்கமாக விலையில் 10 சதவீதம் அன்று முன்பணமாகப் போகும். அதற்கு முந்தைய நிமிடம் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம்.

ஏஜென்டையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. வரும் ஒவ்வொரு விலையையும் விற்பவரிடம் சொல்வது அவர் கடமை. 'இனி வேண்டாம்' என்று விற்பவரே எழுதிக் கொடுத்தால்தான் நிறுத்தலாம்.

கிராய்டன்_வாசகி
ஹாரோவாசி அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் மாற்றத்தை நான் எதிர்க்கிறேன். அந்த இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது.

நான்கு படுக்கையறை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நாலாவது அறை கூரைக்குக் கீழே இருந்தது. பார்க்கப் போனபோது ஆசையாகத்தான் இருந்தது, சாய்ந்த கூரை, இரண்டு கண்ணாடி ஜன்னல், புதுக் கம்பளம். விலை பேசி முடித்து ஐந்து வாரம் கழித்து சர்வேயர் போய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே இருந்தவை பழைய மரங்கள், கீழ் அறையின் உட்கூரைப் பலகையை மட்டும் தாங்கப் போட்டவை. ஆள் நடக்க, கட்டில் போட, அலமாரி வைக்கத் தகுந்த புது மரச்சட்டம் ஒன்றுகூட இல்லை. படிக்கட்டின் தலைப்பில் தீத்தடுப்புக் கதவும் இல்லை. கட்டட விதிச் சான்றிதழ் எங்கே என்று என் சொலிசிட்டர் கேட்டார். இல்லை, அதற்குப் பதிலாக ஒரு இன்ஷூரன்ஸ் வாங்கித் தருகிறோம் என்று பதில் வந்தது.

அந்த இன்ஷூரன்ஸ் எதற்கு என்று தெரியுமா? கவுன்சில் வந்து நடவடிக்கை எடுத்தால் ஆகும் செலவுக்கு மட்டும்தான். தளம் உள்வாங்கினால் ஒரு பென்னி வராது. நானே கவுன்சிலைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டால் பிறகு அந்த பாலிசியும் கிடைக்காது. சர்வே பணம், கொஞ்சம் சொலிசிட்டர் பணம் போனது போகட்டும் என்று விலகினேன். நீங்கள் சொல்வதுபோல் முதல் நாளே கட்டிப்போட்டிருந்தால் இன்று என் இரண்டு பிள்ளைகளும் அந்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஹாரோவாசி
தங்கச்சி, நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குச் சாட்சி. சான்றிதழ் இல்லை என்பது விற்பவருக்கு முதல் நாளே தெரியும்தானே? அதை ஏன் ஐந்து வாரம் கழித்து, உங்கள் செலவில் கண்டுபிடிக்க வேண்டும்? பத்திரம், சர்ச், சான்றிதழ் எல்லாவற்றையும் விளம்பரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன், சொன்ன பிறகு நானும் கட்டுப்படுகிறேன்.

கிராய்டன்_வாசகி
அதை ஏற்கெனவே செய்து பார்த்தார்கள். 2007-இல் வீட்டுத் தகவல் கட்டு ஒன்றை விற்பவரே தயாரித்து வைக்க வேண்டும் என்று கொண்டுவந்து, 2010 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். எரிசக்திச் சிக்கனச் சான்றிதழ் மட்டும்தான் அதில் மிச்சம். அந்தத் தகவல் கட்டுக்குள் வீட்டின் நிலையைச் சொல்லும் சர்வே கட்டாயம் கிடையாது. கம்பளத்தை யார் தூக்கிப் பார்ப்பார்கள்? விற்பவர் தரும் தாளை மட்டும் நம்பி என் வாழ்நாள் கடனில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

எடின்பரோ_தம்பி
ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அக்கா. இங்கே 2008 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு விற்பவரே ஹோம் ரிப்போர்ட் தர வேண்டும், அதில் சர்வேயர் எழுதிய சர்வேயும் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் நான் விலை சொன்னேன். ஆனால் ஹாரோவாசி அண்ணா நினைப்பதுபோல் விலை ஒத்துக்கொண்ட அன்றே இங்கேயும் யாரும் கட்டுப்படுவதில்லை. சொலிசிட்டர்கள் கடிதம் எழுதி எழுதி எல்லா நிபந்தனையும் ஒத்துப்போன பிறகுதான் ஒப்பந்தம். என் விஷயத்தில் அதற்கே ஆறு வாரம் ஆனது.

ஒரு வித்தியாசம் உண்டு. விலையை ஏற்ற பிறகு அதிக விலைக்காக விற்பவர் தாவினால் அவருடைய சொலிசிட்டர் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும், தொழில் நெறி அப்படி. வேறு சொலிசிட்டரைத் தேடித்தான் தாவ வேண்டும். அந்தச் சங்கடமே பலரை நிறுத்திவிடுகிறது.

கென்ட்_வீட்டுக்காரர்
விற்றவன் பக்கமும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் அன்று காலை, லாரிக்குப் பணம் கட்டிய பிறகு, வாங்குபவர் 12,000 குறைத்தால்தான் கையெழுத்து என்றார். ஒருவர் தன் வீட்டை விற்றுத்தான் அடுத்த வீட்டை வாங்குவார், அந்தச் சங்கிலியில் எங்களுக்கு மேலே இன்னும் இரண்டு வீடுகள். நான் மறுத்தால் மூன்று குடும்பமும் நிற்கும். கொடுத்தேன். ஆகவே ஏமாறுவது வாங்குபவர் மட்டும் என்று எழுதாதீர்கள். ஹாரோவாசி சொல்வதை நான் முழுதாக ஆதரிக்கிறேன்.

கிராய்டன்_வாசகி
அது அநியாயம் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சங்கிலியையே பாருங்கள். முதல் நாளே கட்டிப்போட்டால், கீழே ஒருவருக்கு மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கிடைக்காமல் போகும்போது நடுவில் இருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டை விற்க முடியாது, மேல் வீட்டை வாங்கியே தீர வேண்டும். இன்று எல்லா வீடும் ஒரே நாளில் எக்ஸ்சேஞ்ச் ஆவதற்குக் காரணமே அதுதான்.

வேப்பமரம்
இரண்டு பேர் சொல்வதிலும் நான் தினமும் பார்க்கும் உண்மை இருக்கிறது. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஒரு வழி உண்டு. லாக்-அவுட் ஒப்பந்தம் என்பார்கள். குறிப்பிட்ட நாள்வரை வேறு யாரிடமும் விலை பேசமாட்டேன் என்று விற்பவர் கையெழுத்திட்டுத் தருவது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு சஃபோக் பகுதி வீடு ஒன்றைப் பற்றி வழக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்கிறேன் என்று வாங்குபவர் வாக்குக் கொடுத்தார், வேறு விலையைப் பரிசீலிக்கமாட்டோம் என்று விற்பவர் ஒத்துக்கொண்டார். பிறகு வேறு ஆளுக்கு விற்றார். அந்த வாக்கு செல்லும், விற்பவர் இழப்பீடு தர வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. ஆனால் அதனால் வீடு கிடைக்காது, பணம்தான் கிடைக்கும்.

ஹாரோவாசி
இதை என் சொலிசிட்டர் ஒருவார்த்தை சொல்லவில்லையே! சனிக்கிழமை வெம்ப்ளியில் இன்னொரு வீடு பார்க்கப் போகிறோம். அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்? அக்ரிமென்ட் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேப்பமரம்
முடிவு தேதி கட்டாயம் வேண்டும் அண்ணா, தேதி இல்லாத வாக்கு செல்லாது. பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்திர வடிவில் போட வேண்டும். இரண்டு வாரம் போதாது, சர்ச் வரவே அதற்குமேல் ஆகலாம். விற்பவர் மீறினால் உங்கள் சர்வே, சர்ச், சொலிசிட்டர் செலவைத் திருப்பித் தருவார் என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், எக்ஸ்சேஞ்ச் ஆன நிமிடத்திலிருந்து வீட்டு இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். வழக்கமான விற்பனை நிபந்தனைகளில் அன்றே பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடும், சாவி கைக்கு வருவதற்கு முன்னாலேயே.

கிராய்டன்_வாசகி
அண்ணா, வெம்ப்ளி வீட்டில் கூரை அறை இருந்தால் அங்கேயே நின்று சான்றிதழ் கேளுங்கள். கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். சர்வேயருக்குப் பெயர் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள், எனக்குக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தவரையே தருகிறேன்.