பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன, வைரஸ் நீக்கியும் திரும்ப வருகிறது

குடியாத்தம்வாசி:
காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த பென்டிரைவை வீட்டில் செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாகத் தெரிகின்றன. ஒன்றைத் திறந்ததும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 'வார்ம்' என்று பிடித்து நீக்கியது. ஆனால் பென்டிரைவைக் கழற்றிய பிறகும், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் அதே எச்சரிக்கை. விண்டோஸ் 11. மகளின் ப்ராஜெக்ட் அதில்தான் இருக்கிறது. ஃபார்மேட் பண்ணலாமா?

பாலாற்றங்கரை:
வேணாம் சார், பண்ணிடாதீங்க. ஃபைல்கள் அழியவில்லை. இந்த வார்ம், அதாவது தானாகவே பரவும் வைரஸ், உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் பின்னால் ஸ்கிரிப்ட் (வைரஸின் கட்டளைகள் அடங்கிய ஃபைல்) ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஆன் செய்ததும் 'ஸ்கிரிப்ட் ஃபைல் கிடைக்கவில்லை' என்று மட்டும் வந்தால் வைரஸ் போய்விட்டது, அதைக் கூப்பிடும் பதிவுதான் மிச்சம் என்று அர்த்தம். உங்களுக்கு எச்சரிக்கையே வருகிறது. அப்படியென்றால் இன்னொரு பிரதி உள்ளே இருக்கிறது.

முதலில் டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்க, பிறகு நெட்டைத் துண்டியுங்க. வரிசை மாறினால் பழைய பட்டியலை வைத்துத்தான் தேடும். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் கிளம்பும் முன்னே தேடுவதால் வைரஸ் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. சுமார் 15 நிமிடம் ஆகும். யுபிஎஸ் இல்லையென்றால் கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பாருங்க.

அடுத்து மைக்ரோசாஃப்டின் 'ஆட்டோரன்ஸ்', கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் மென்பொருள், இலவசம்தான். லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டிலும் 'டபிள்யூஸ்கிரிப்ட்' (ஸ்கிரிப்டை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) என்றோ, ஆப்டேட்டா ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்ட் என்றோ வரும் பதிவைத் தேடுங்க. உடனே அழிக்காதீங்க. டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட் செய்து பார்த்து, பிறகு அழிக்கலாம்.

கோட்டைமேடு:
அதற்கும் முன்னால் டிஃபெண்டரில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்', அதாவது ஸ்கேன் செய்யாமல் விடவேண்டிய இடங்களின் பட்டியலைத் திறந்து பாருங்க. கிராக் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது அட்மின் அனுமதி கேட்கும். நாம் 'யெஸ்' கொடுத்ததும் அதில் எதை வேண்டுமானாலும் சேர்த்துவிடும். அந்த இடத்தை டிஃபெண்டர் எட்டிக்கூடப் பார்க்காது.

நெட் பேங்கிங், மெயில் பாஸ்வேர்டுகளை மொபைலிலிருந்து மாற்றுங்க, எல்லாக் கருவிகளிலும் லாக்அவுட் கொடுங்க. சுத்தமாகாத கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் திருடு போகலாம். கணக்கில் பணம் குறைந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்க.

குடியாத்தம்வாசி:
எக்ஸ்க்ளூஷனில் சி டிரைவ் முழுவதும் இருக்கிறது! நான் சேர்க்கவில்லை.

பாலாற்றங்கரை:
அப்போ வேர் அங்கேதான் சார். அதை நீக்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன், பிறகு ஃபுல் ஸ்கேன். ஹார்டு டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், நிறுத்தாதீங்க. அதற்குப் பிறகும் அந்தப் பதிவு தானாக முளைத்தால் மட்டும் விண்டோஸைப் புதிதாகப் போடலாம்.

கம்ப்யூட்டர் சுத்தமான பிறகு பென்டிரைவைச் செருகி, திறக்காமல் ரைட் கிளிக்கில் ஸ்கேன். கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளையால் ஹிட்டன், சிஸ்டம் இரண்டு அடையாளத்தையும் எடுங்க. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஹிட்டன் டிக்கை மட்டும் எடுக்கப் பார்த்தால் சிஸ்டம் அடையாளம் விடாது. ப்ராஜெக்டை மட்டும் காப்பி செய்த பிறகு தாராளமாக ஃபார்மேட் பண்ணலாம். அடுத்த முறை பிடிஎஃப்பைக் கடையின் மெயிலுக்கே அனுப்பிவிடுங்க.